கோஸ்குதுக் சந்திப்பின் மூன்றாம் பாதை

கோஸ்குதுக் என்றால் இரட்டைக் கிணறு. இரண்டு கிணறும் இன்னும் இருக்கின்றன, இரண்டிலும் உப்புத் தண்ணீர். ஒட்டகம் குடிக்கும், அதுவும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான். இந்த இடத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவன் எவனோ, ஒரு நாள்கூட இங்கே குடியிருந்திருக்க மாட்டான்.

ஆனாலும் இங்கே ஒரு சந்திப்பு இருந்தது. கிழக்கும் மேற்குமாக ஓடும் பெரிய பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் தெற்கே உப்பு ஏரிக்குப் போகும். முப்பதுகளில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் போட்ட பாதை. போட்டவர்களில் பாதிப் பேர் விரும்பி வந்தவர்கள் இல்லை, திரும்பிப் போனவர்களும் இல்லை. கசாக் புல்வெளியில் பாதி வீட்டு அடுப்பில் கொதித்தது எங்கள் ஏரி உப்புதான். நான் ஆசிரியையாக இங்கே வந்து இறங்கிய எழுபத்து நாலில் பள்ளியில் அறுபத்திரண்டு பிள்ளைகள். நிலையத்துக் கேன்டீனில் நின்றுகொண்டுதான் சூப் குடிக்க வேண்டும், உட்கார இடம் கிடைக்காது. எஞ்சினைத் திருப்புகிற வட்ட மேடையில் பிள்ளைகள் ஏறிச் சுற்றுவார்கள், நான் பிரம்போடு விரட்டுவேன்.

ஏரிக்கரையிலிருந்த உப்பு ஆலை மூடிய பிறகு ஒன்பது வீடு மிஞ்சியது. அந்த ஒன்பது வீட்டுக்கும் உயிர் கொடுத்தது புதன்கிழமை தண்ணீர் வண்டி. சந்திப்பு என்று காகிதத்தில் இருக்கிற நிலையத்துக்கு வாரம் ஒரு டேங்கர் வண்டி தண்ணீர் உண்டு. வெறுமனே எதிர் ரயிலுக்கு ஒதுங்கி நிற்கிற நிலையம் என்றால் கிடையாது. இது ரயில்வேயின் சட்டம். சட்டம் எழுதியவர்களுக்குத் தாகம் எடுக்காது போலிருக்கிறது.

இந்தக் கதை துசிப்பெக்கின் வீட்டில் நடந்தது. துசிப்பெக் கிளைப்பாதையின் கீமேன். வாரம் மூன்று நாள் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியுமாகப் பதினோரு கிலோமீட்டர் போய், பதினோரு கிலோமீட்டர் திரும்பி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்துப் பேசுவது அவர் மனைவி கான்ஷாயிம். அவள் நிலையத்தின் பாயிண்ட் காப்பாளர். எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று நெம்புகோலை இழுத்துப் பாதையை மாற்றி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு கொடிக்கயிறுதான்.

தொண்ணூற்றேழு கோடையில் கிரேன் வண்டியோடு நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். கூட வந்த பொறியாளன் பெயர் மிர்ஸாகுல். உயரமான ஆள், எப்போதும் சிரித்த முகம். கிளைப்பாதையின் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போக உத்தரவு என்றான். உத்தரவைக் காட்டு என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் எல்லாவற்றையும்தான் கழற்றிக்கொண்டு போனார்கள். துசிப்பெக்கும் மூன்று வாரம் அவர்களோடு சேர்ந்து ஆணி பிடுங்கினார், மாவு மூட்டைக்காக. மிர்ஸாகுல் அவர்கள் வீட்டில்தான் தங்கினான். முதல் வாரத்திலேயே துசிப்பெக்கை அண்ணன் என்றான், கான்ஷாயிமை அண்ணி என்றான். அவர்களும் ஆடு அடித்தார்கள். ஆட்டுத் தலையை முதன்மை விருந்தாளியான அவன் முன்னால் வைத்தார்கள். அவன் முறைப்படி காதை அறுத்து அவர்கள் வீட்டுச் சின்ன மகளிடம் கொடுத்தான். அன்றிலிருந்து கான்ஷாயிம் அவன் பெயரைச் சொல்லவில்லை. எங்களில் மருமகளாக வந்தவள் புருஷனுடைய தம்பிமார் பெயரைச் சொல்லக் கூடாது, ஏதாவது செல்லப் பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அவள் வைத்த பெயர், சிரிப்புக் கொழுந்தன்.

போகும்போது அவன் ஒரு காரியம் செய்தான். நிலையத்தை ஒட்டி இருநூறு மீட்டரும் ஏரிப் பக்கம் ஒரு இருபத்தைந்து மீட்டரும் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டான். ரயிலில் போகிறவன் ஜன்னல் வழியே பார்த்தால் கிளைப்பாதை, அதாவது நிலையத்தின் மூன்றாம் பாதை, மேட்டைச் சுற்றிப் போவது தெரியும். மேட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பது தெரியாது. துசிப்பெக்கிடம், காகிதம் வரக் கொஞ்ச நாளாகும், அதுவரை பாதை இருக்கிற மாதிரிதான், நடந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனான்.

காகிதம் வரவே இல்லை. எப்படி வரும்? திருடியவன் எதை எழுதி அனுப்புவான்? இது எங்களுக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. புரிந்தபோது இன்னொன்றும் புரிந்தது. காகிதம் வராதவரை கிளைப்பாதை உண்டு, கிளை உண்டென்றால் சந்திப்பு உண்டு, சந்திப்பு என்றால் புதன்கிழமை தண்ணீர் உண்டு. ஒன்பது வீடும் வாயை மூடிக்கொண்டோம். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று துசிப்பெக் தொடக்கத்திலேயே என்னிடம்தான் வந்து கேட்டிருந்தார். தண்டவாளம் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடுமே என்று அவருக்குச் சங்கடம். ‘பதினோரு கிலோமீட்டர் நடந்தேன். குறை எதுவும் இல்லை’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். இல்லாத தண்டவாளத்தில் என்ன குறை இருக்க முடியும்? பெரிய கெட்டிக்காரி என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவர் அந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோணல் எழுத்தில் பத்து வருஷம் எழுதினார்.

எழுதியதோடு விடவில்லை, நடந்தார். பனியிலும் நடந்தார், ஜூலை வெயிலிலும் நடந்தார். தண்டவாளம் இல்லாத மண்கரையின் மேல் சுத்தியலும் ஸ்பேனருமாகப் பத்து வருஷம்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மோட்டார் தள்ளுவண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். உப்பு ஆலையை யாரோ மறுபடி திறக்கக் கேட்டிருக்கிறார்களாம், பாதையைப் பார்க்க வேண்டுமாம். ஒருத்தி அய்ஜமால் என்ற இளம் பொறியாளர். இன்னொருவன் கோட்டத்துப் பெரிய அதிகாரி. கொஞ்சம் பருத்திருந்தான், முடி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. கான்ஷாயிம் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடினாள். அவன் அவளைப் பார்த்து, “நீங்கதான் இங்க பாயிண்ட் பாக்குறீங்களாம்மா?” என்று கேட்டான். அவளுக்கு நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டைக் கேட்டார்கள். மிர்ஸாகுல் அதைத் திறந்து கடைசி வரியைப் படித்தான்.

“வியாழக்கிழமை பதினோரு கிலோமீட்டர் நடந்துருக்கீங்க, குறை ஒண்ணும் இல்ல. இன்னைக்குச் செவ்வாய், தண்டவாளமே இல்ல. நடுவுல அஞ்சு நாள். என்ன பண்ணுனீங்க பெரியவரே?”

துசிப்பெக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இடித்து ஏதாவது சொல்லவைக்க நான் துடித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பத்து வருஷமாகப் பாதை இல்லை என்று அவர் வாயைத் திறந்தால், அந்த நிமிஷமே தண்ணீர் வண்டி நின்றுவிடும். அவர் குனிந்து, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மாலையில் மிர்ஸாகுல் அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் பேசினான். வீட்டுக்கு வந்து துசிப்பெக் சொன்னதை நான் கொடிக்கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒளிந்து கேட்கவில்லை, அந்த வீட்டுச் சுவர் அவ்வளவுதான். வருஷக் கணக்காகத் திருடர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் நடக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வேலை போகும், வழக்கு சின்னதாக முடியும். கிளைப்பாதை ‘பழுதுபார்ப்பில்’ என்று காகிதத்தில் இருக்கும். தண்ணீரும் வரும் என்றானாம் மிர்ஸாகுல்.

“எழுதிக் குடுத்துறலாம்னு இருக்கேன்,” என்றார்.

“எதை? நீ நடக்கலைன்னா?”

“தண்ணி வரும்ல.”

“பத்து வருஷம் உன் பூட்ஸுக்கு அடி தச்சது யாரு? நான். உறைபனியில வந்து விழுந்த உன் காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தேய்ச்சது யாரு? அதுவும் நான். நீ நடக்கலைன்னு எழுதுனா, நான் தச்சது எதுக்காம்?”

“ஒம்போது வீடு இருக்கு, கான்ஷாயிம்.”

“ஒம்போது வீட்டுக்கும் உன் பேருதான் கிடைச்சுதா, கால் தொடைக்க?”

தட்டுகளை அவள் கழுவிய சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்த கை இந்தக் கைதான்.

காலையில் மிர்ஸாகுலின் காரியத்தைக் கெடுத்தது அய்ஜமால். அந்தப் பெண் இரவெல்லாம் சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். கீமேனின் பதிவேட்டைப் பொய் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவரோடு சேர்ந்து அந்தப் பாதை முழுவதும் நடந்தாக வேண்டும், நடக்காமல் எந்த வாக்குமூலமும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். மிர்ஸாகுல் சிரித்தே சமாளித்துப் பார்த்தான். அவள் தண்ணீர்ப் புட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். நானும் போனேன். அறுபத்தோரு வயதில் இருபத்திரண்டு கிலோமீட்டர். கோபம் இருந்தால் கால் வலிப்பதில்லை.

துசிப்பெக் எங்களை மறந்தே போனார். வழக்கம்போல நடந்தார். சிறு பாலம் வந்தபோது இறங்கி, காற்றில் உருண்டு வந்து வாயை அடைத்திருந்த காய்ந்த முள்செடிப் பந்துகளை இழுத்துப் போட்டு, கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். கிலோமீட்டர் கற்கள் பதினொன்றுக்கும் அந்த வசந்தத்தில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார். அய்ஜமால் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“தண்டவாளம் இல்லன்னு தெரிஞ்சும் ஏன் நடந்தீங்க, ஐயா?”

“கையெழுத்துப் போடணும்ல. நடக்காத பாதைக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?”

நாலாவது கிலோமீட்டரில், தண்டவாளத்தைத் தாங்கிய இரண்டு ஸ்லீப்பர் கட்டைகள் முன்பு கிடந்த பள்ளங்களுக்கு நடுவில் ஒரு சாக்ஸவுல் மரம் நின்றது. எங்கள் பாலையில் மெதுவாக வளர்கிற மரம் அது. அடி என் மணிக்கட்டைவிடப் பருமன். அய்ஜமால் அதைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது அஞ்சு நாள்ல வளந்துச்சா சார்?” என்று கேட்டாள். மிர்ஸாகுல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நகரத்து ஷூ அவன் குதிகாலை வெட்டியிருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஏரிக்கரையில் அந்த இருபத்தைந்து மீட்டர் தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது. திருடன் இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் எடுப்பானா என்று அவள் கேட்டாள். திருடன் புத்தி யாருக்குத் தெரியும் என்றான் மிர்ஸாகுல். திரும்பி வரும்போது அவன் எங்களுக்கு முந்நூறு மீட்டர் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான்.

நிலையத்தில் நிழல் என்று இருந்தது துசிப்பெக்கின் வீடு மட்டும்தான். கான்ஷாயிம் எல்லாருக்கும் பால் விட்ட தேநீர் ஊற்றினாள். எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டி, உப்பிட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, எல்லாம் வைத்திருந்தாள். விருந்தாளி எவனாக இருந்தாலும் எங்கள் வீடுகளில் அதில் குறை வைக்க மாட்டோம். அய்ஜமால் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு நோட்டைத் திறந்தாள். பாதையைக் கழற்றியது யார், அவர் பெயர் வேண்டும் என்றாள்.

துசிப்பெக் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். மிர்ஸாகுல் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கான்ஷாயிம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“மிர்ஸாகுல்,” என்றாள்.

பத்து வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. துசிப்பெக் நிமிர்ந்து பார்த்தார். மிர்ஸாகுலின் சிரிப்பு முதன்முறையாக அணைந்தது. கசாக் வீட்டில் பிறந்தவன்தானே, அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

“அண்ணி...” என்றான்.

“நேத்து நான் அம்மாவா இருந்தேன், இன்னைக்கு அண்ணியா? கொழுந்தன்னு நினைச்சு இந்தப் பேரை இவ்வளவு நாள் நாக்குல எடுக்காம வச்சிருந்தேன். எங்க ஆட்டுத் தலையில காது அறுத்து என் மக கையில குடுத்த. இப்ப என் புருஷன் திருடன், நீ அதிகாரி. எழுதிக்கம்மா, மிர்ஸாகுல். ரெண்டு தடவ வேணும்னாலும் எழுதிக்க.”

“தண்ணி, கான்ஷாயிம்,” என்றார் துசிப்பெக் மெதுவாக.

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

அவர் அய்ஜமாலைப் பார்த்து, ஆமாம், நானும் மூன்று வாரம் ஆணி பிடுங்கினேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள் என்றார்.

நாலு வாரம் கழித்து இரண்டு காகிதம் வந்தன. முதல் காகிதம், துசிப்பெக் மேல் வழக்கு இல்லை என்றது. கழற்றியவன் யார் என்று அதில் ஒரு சொல் கிடையாது. இரண்டாவது, கோஸ்குதுக் கிளைப்பாதையைத் தொண்ணூற்றேழு ஆகஸ்ட் முதலே நீக்கிவிட்டதாகச் சொன்னது. பத்து வருஷத்துக்கு முன்தேதியிட்டு! ஒரே வரியில் அவன் செய்தது திருட்டு இல்லை என்றாகிவிட்டது. நிலையத்தின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இனி இது ‘ஒதுங்கு நிலையம் எண் 38’, பாதைகள் இரண்டு, தண்ணீர் ஒதுக்கீடு இல்லை. அய்ஜமால் தொலைபேசியில் என்னிடம் அழுதாள். அவள் எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுத்தாளாம், வெளியே வந்தது வேறு. மிர்ஸாகுல் தலைநகருக்கு இன்னும் பெரிய நாற்காலிக்குப் போய்விட்டானாம். அழாதே மகளே என்றேன். ஒரு ஊரையே துடைத்துப் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கித் தின்கிறார்கள், அவர்களுக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

கடைசித் தண்ணீர் வண்டி ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை வரும், அடுத்த புதன்கிழமை மிச்சத் தண்ணீரோடு திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று உத்தரவு. ஊரில் சிலர் கான்ஷாயிமின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள், நாக்கை அடக்கியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று. வாயாடி என்று பெயரெடுத்தவள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் பாதையின் பாயிண்டுக்கு எண்ணெய் போட்டாள். துசிப்பெக்கும் கூடப் போய் அந்த இருநூறு மீட்டரில் தளர்ந்திருந்த ஆணிகளை அடித்து இறுக்கினார். எதற்கென்று நான் கேட்டேன். சும்மாதான் டீச்சர் என்றாள்.

புதன்கிழமை எஞ்சின், காலி வண்டியை இழுத்து ஓரம் வைத்துவிட்டு, நிறைந்த வண்டியோடு பின்னோக்கி வந்தது. எப்போதும் இரண்டாம் பாதையில்தான் விடுவார்கள். கான்ஷாயிம் பாயிண்டடியில் மஞ்சள் கொடியோடு நின்றாள். டிரைவர் தலையை வெளியே நீட்டினான். எங்கள் தண்ணீரைப் பதினைந்து வருஷமாகக் கொண்டுவருகிறவன் அவன்.

“எந்தப் பாதைக்குக்கா?”

“மூணுக்கு.”

அவன் அவளைப் பார்த்தான், மூன்றாம் பாதையைப் பார்த்தான். இன்னொரு கேள்வி கேட்கவில்லை. அறுபது டன் தண்ணீரை மேட்டடி வரைக்கும் மெல்லத் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு காலி வண்டியோடு போய்விட்டான். கான்ஷாயிம் நெம்புகோலைத் திருப்பி, பாயிண்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

அடுத்த புதன்கிழமை வண்டியை எடுக்க எஞ்சின் வந்து ஒரு மணி நேரம் நின்றது. கன்ட்ரோலிலிருந்து தொலைபேசி அலறியது. கான்ஷாயிம் எடுத்தாள். நானும் துசிப்பெக்கும் பக்கத்தில் நின்றோம்.

“வண்டி எந்தப் பாதையில நிக்குதும்மா?”

“மூணாம் பாதையில.”

“முப்பத்தெட்டுல ரெண்டு பாதைதானே இருக்கு?”

“அப்போ அங்க வண்டி நிக்கலைங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வரைபடத்தில் இல்லாத பாதைக்குள் எஞ்சினை அனுப்ப எந்தக் கன்ட்ரோலரும் உத்தரவு கொடுக்க முடியாது. கொடுத்தால் அவன் வேலை போகும். அவன் குரலை உயர்த்தினான். பாயிண்டைத் திறந்துவிடு, நீயாகவே தள்ளிக் கொடு, என்னென்னவோ சொன்னான். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“வண்டி வேணும்னா மூணாம் பாதை இருக்குன்னு எழுதி அனுப்புங்க. கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சு அனுப்புங்க. உடனே திறந்து விடுறேன். மூணாம் பாதை இருந்தா இது சந்திப்பு. சந்திப்புன்னா புதன்கிழம தண்ணி வரணும். பாதை இல்லைன்னா, தம்பி, இல்லாத பாதைக்கு என்கிட்ட சாவி இல்ல.”

வைத்துவிட்டாள். வெளியே எஞ்சின் இரண்டு முறை ஊதியது. வண்டி இல்லாமல் வெறும் எஞ்சினாக மேற்கே போனது.

ஒன்பது வீட்டிலிருந்தும் வாளிகள் கிளம்பின. நாக்கை அடக்கச் சொன்னவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். கான்ஷாயிம் அவர்கள் வாளியை முதலில் நிரப்பினாள், நிரப்பும்போது இரண்டு வார்த்தை சொல்லவும் செய்தாள்.

துசிப்பெக் வாளி எடுத்து வரவில்லை. சுத்தியலோடு வண்டிக்கு அப்பால் தண்டவாளம் முடிகிற இடம்வரை போய், ஒவ்வொரு ஆணியாகத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நிலைய அறையில் பதிவேடு இன்னும் கிடந்தது, அதை எடுத்துப் போக யாருக்கும் நினைவில்லை. அவர் அதை மேசைமேல் விரித்தார். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கோணல் எழுத்தில் நிதானமாக எழுதினார்.

‘இருநூறு மீட்டர் நடந்தேன். குறை எதுவும் இல்லை.’